ஓடாத ஃபேன் சுற்றியது

மார்கழியில் எங்கள் வீட்டில் ஃபேன் போடுவதில்லை. அதனால்தான் அந்த விடியற்காலை இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்கிறது. நாலே முக்காலுக்கு அலாரம். கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை தொடங்கியிருந்தது. தலைமாட்டில் வலப்பக்கம் ஜன்னல் திண்டில் கிடந்த போனை எடுக்க, மல்லாந்தபடியே தலையை அண்ணாந்து திருப்பிக் கையை நீட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஸ்விட்ச் போடாத ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது என்பதும் சரியான சொல் இல்லை. ஃபேன், பீரோ, சுவரில் தொங்கிய காலண்டர் எல்லாம் ஒரே பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும், வெடுக்கென்று பழைய இடத்துக்கு வரும், மறுபடி வழுக்கும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “என்னங்க, பூமி அதிருதா?”

“ஃபேனே ஓடலையேம்மா” என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில். அந்த நேரத்தில் அதைவிட எரிச்சலூட்டும் பதில் கிடையாது.

இருபது விநாடி இருக்கும், நின்றுவிட்டது. அப்பாடா என்று எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி சுற்றல். இந்த முறை எதிர்ப்பக்கமாக, கொஞ்சம் மட்டுப்பட்டு. வாஷ்பேசின் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாந்தி எடுத்தேன். அன்று வாசலில் கோலம் இல்லை.

அடுத்த ஆறு வாரம் எனக்கு நடந்தது பலருக்கும் நடப்பதுதான். பித்தம் என்றார்கள், சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தேன், இஞ்சிச் சாறும் குடித்தேன். லோ சுகர் என்றார்கள்; குத்திப் பார்த்ததில் 104. நாத்தனார் சூடம் சுற்றிப் போட்டாள், அதையும் தடுக்கவில்லை. பிறகு ஒரு டாக்டர். “மயக்கமா வருது சார்” என்று சொல்லி உட்கார்ந்தேன். பிபி பார்த்தார், கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதினார், படத்தை வெளிச்சத்தில் பிடித்து “எலும்பு தேய்ஞ்சிருக்கு, ஸ்பாண்டிலோசிஸ்” என்றார். காலர் ஒன்று, மூன்று வேளை மாத்திரை, தலையணை வேண்டாம்.

எனக்கு 54 வயது. முப்பது வருஷமாகக் குனிந்து புரூஃப் பார்க்கிறவள். இந்த வயதில் யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. படத்தில் இருந்தது பொய்யில்லை. அதற்கும் சுற்றலுக்கும்தான் சம்பந்தமில்லை.

காலர் மாட்டியதும் சுற்றல் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். தலையைத் திருப்ப முடியாதவளுக்கு, திருப்பினால் வரும் நோய் எப்படி வரும்? மாத்திரை தூக்கத்தைத் தந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பழகினேன். துணி காயப்போடும் கொடியை அண்ணாந்து பார்ப்பதில்லை, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பதில்லை, வலப்பக்கம் ஒருக்களிப்பதில்லை. இப்படி உடம்பு தானாகவே தனக்கு வேலி போட்டுக்கொண்டது. வேலிக்குள் இருக்கிறவரை சுகம். ஒருநாள் பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன், வேலி போயிற்று.

என் தப்பு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ரகரமும் றகரமும் இடம் மாறினால் கண்டுபிடித்து வட்டமிடுவது என் பிழைப்பு. மயங்கொலிப் பிழை என்பார்கள். அப்படிப்பட்டவள் டாக்டரிடம் போய் “மயக்கம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். தமிழில் அந்தச் சொல்லுக்குள் என்னதான் இல்லை? நினைவு தப்பினால் மயக்கம், கண் இருட்டினால் மயக்கம், பசியில் கிறங்கினால் மயக்கம், குமட்டினால் மயக்கம், வீடு சுற்றினாலும் மயக்கம். இலக்கணத்தில் உருபு மயக்கம், திணை மயக்கம் என்றெல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியில் நான் செய்தது நோய் மயக்கம்.

ஏழாவது வாரம் தங்கை பிடிவாதமாக ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். கணவரும் வந்தார். சின்ன வயசு டாக்டரம்மா. நான் இந்த முறை உஷாராக, “மயக்கம் இல்ல டாக்டர், தலைசுற்றல். சுத்தமா சுத்துது” என்று சொல்லைத் திருத்திக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“பேரு இருக்கட்டும்மா. என்ன செய்யும்போது வருது?”

அதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. படுக்கும்போது, புரளும்போது, அண்ணாரும்போது என்றேன். எந்தப் பக்கம் புரண்டால்? வலது. எவ்வளவு நேரம்? அரை நிமிஷம். அசையாமல் இருந்தால்? நின்றுவிடும். காது கேட்பதில் குறை, இரைச்சல்? இல்லை. பேச்சுக் குழறல், பார்வை ரெண்டாகத் தெரிவது, கைகால் மரத்துப்போவது? இல்லை. நடக்க முடிகிறதா? முடிகிறது. கேள்விகள் மொத்தம் மூன்று நிமிஷம்கூட இல்லை. “நோயாளி சொல்ற பேரை வெச்சு முடிவு பண்ணா ஏமாந்துபோவோம். ஒரே சுற்றலை ஒருத்தர் கிறுகிறுப்பும்பார், இன்னொருத்தர் மெதக்குறாப்ல இருக்கும்பார். எப்ப வருது, எதனால கிளம்புது, எவ்வளவு நேரம் நிக்குது, அதுதான் வேணும்” என்றார். சொற்களை நம்பிப் பிழைக்கிறவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

பிறகு மேசையில் ஏறி உட்காரச் சொன்னார். பூதக்கண்ணாடி போலத் தடித்த லென்ஸ் உள்ள ஒரு கண்ணாடியை மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டால் நமக்கு வெளியே எதுவும் தெளிவாகத் தெரியாது. டாக்டருக்கு நம் கண் பெரிதாகத் தெரியும். தலையை வலப்பக்கம் பாதித் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டென்று மல்லாத்தினார். தலை மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. “கண்ணை மூடாதீங்கம்மா, என்ன ஆனாலும் மூடாதீங்க.” மூன்று எண்ணும் நேரம். பிறகு வந்தது. நான் தங்கையின் கையை நெரித்துவிட்டேன். டாக்டரம்மா என் கணவரைக் கூப்பிட்டு, “சார், வந்து பாருங்க” என்றார். அவர் போனில் படம் எடுத்தார்.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. என் இரண்டு கருவிழியும் மேல்நோக்கித் துடித்தபடி, வலது காதுப் பக்கமாகத் திருகித் திருகித் திரும்புகின்றன. பதினெட்டு விநாடி. மெல்ல அடங்கி நின்றுவிடுகின்றன. ஓடாத ஃபேன் ஏன் வெடுக் வெடுக்கென்று சுற்றியது என்பதற்கு விடை அதில் இருந்தது. நகர்ந்தது ஃபேன் இல்லை, என் கண்.

இதன் பெயர் பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ. சுருக்கமாக பி.பி.பி.வி. பினைன் என்றால் தீங்கற்றது. வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்து நிற்கிறவளிடம் தீங்கற்றது என்று சொன்னால் அந்தச் சொல்லை வட்டமிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போடத்தான் தோன்றும். உயிருக்கு ஆபத்தில்லை என்ற பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பது இது. உட்காதில் கேட்பதற்கான நத்தைக்கூட்டுக்குப் பக்கத்திலேயே நிலைகாக்கும் உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பையில் ஜெல்லி மாதிரி ஒரு படுகை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கற்கள் பதிந்திருக்கின்றன. முட்டையோடு எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட். தலை சாய்ந்தால் கல்லின் கனம் ஜெல்லியை இழுக்கும்; இழுப்பதை உணர்ந்து மூளை “கீழே என்பது இந்தப் பக்கம்” என்று தெரிந்துகொள்ளும். பையில் இருந்து மூன்று அரைவட்டக் குழாய்கள் கிளம்புகின்றன, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. அவற்றில் நீர். இவற்றின் வேலை தலை சுழல்வதைச் சொல்வது மட்டும். எது மேல், எது கீழ் என்பது இவற்றுக்குத் தெரியக்கூடாது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை எல்லோரும் பார்த்திருப்போம். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாய்க்குள் நாலு மணல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சாய்த்தால் மணல் சரிந்து தண்ணீரையும் தள்ளும். காதிலும் அதேதான். பையில் இருந்த கல் பெயர்ந்து குழாய்க்குள் போய்விட்டது. படுத்ததும் அது சரிகிறது, நீர் நகர்கிறது, “தலை சுழல்கிறது” என்று செய்தி போகிறது. தலை சுழலவில்லை என்று கண்ணும் கழுத்தும் சொல்கின்றன. மூளை காதை நம்பி, கண்ணைத் திருப்புகிறது. கல் உருள ஆரம்பிக்க இரண்டு மூன்று விநாடி ஆகும், அதுதான் அந்த எண்ணும் நேரம். அடியில் போய்ப் படிந்ததும் சுற்றல் நிற்கும். எழுந்தால் கல் திரும்பி உருளும், அதனால்தான் எதிர்ப்பக்கச் சுற்றல். பெரும்பாலும் பின்பக்கக் குழாயில்தான் போய் மாட்டுகிறது, ஏனென்றால் அதுதான் தாழ்வாக இருக்கிறது.

கல்லை வைத்துத்தான் உயிரினம் மேலையும் கீழையும் அறிகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒரு இறாலுடையது. இறாலுக்கும் இப்படி ஒரு பை உண்டு. தோல் உரிக்கும்போது உள்ளே இருக்கும் மணலும் போய்விடும், அது புது மணலை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். 1893-ல் வியன்னாவில் அலாய்ஸ் கிரைடல் என்பவர் தொட்டியில் மணலுக்குப் பதில் இரும்புத்தூளைப் போட்டுவைத்தார். இறால் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. மேலே காந்தத்தைப் பிடித்ததும் இறால் தலைகீழாகப் புரண்டது. இறாலை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அந்த டிசம்பரில் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

அதே வியன்னாவில் ராபர்ட் பாராணி. காதைக் கழுவும்போது தண்ணீரின் சூடு குளிர்ச்சியைப் பொறுத்துக் கண் துடிக்கும் திசை மாறுவதைக் கவனித்தவர். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். 1921-ல் அவர் ஒரு 27 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். வலப்பக்கம் படுத்தால் மட்டும் அவளுக்குச் சுற்றல் வரும். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணும் ஜன்னல் திண்டில் எதையோ எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குச் செய்த மல்லாத்தும் சோதனை, 1952-ல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் இருவரும் விவரித்து எழுதியது.

நோயைக் கண்டுபிடிக்க வழி தெரிந்தும் தீர்க்க வழி தெரியாமல் பல வருஷம் போயிற்று. அமெரிக்காவில் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜான் எப்லி, பிளாஸ்டிக் குழாயில் காது மாதிரி ஒன்று செய்து, உள்ளே குறுமணி போட்டு உருட்டிப் பார்த்தார். குழாய்க்குள் கல் விழுந்திருந்தால், தலையைச் சரியான வரிசையில் திருப்பி அது வந்த வழியே வெளியே உருட்டிவிடலாமே என்பது அவர் யோசனை. சிறுவர்கள் கையில் வைத்து உருட்டும் குண்டு விளையாட்டுப் பெட்டியில் செய்வதுதான். 1980-ல் சக டாக்டர்கள் முன் செய்துகாட்டியபோது நம்பவில்லை, சிரித்தார்கள். அவருடைய கட்டுரை முறையாக அச்சானது 1992-ல். அறுவையோ மருந்தோ இல்லாமல் தலையை உருட்டிக் குணமாக்குகிறேன் என்றால் எங்கள் ஊரிலும் மந்திரவாதி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு அது நடந்தது இப்படி. வலது பக்கம் தொங்கிய நிலையிலேயே சுற்றல் அடங்கும்வரை வைத்திருந்தார். பிறகு உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் இடப்பக்கம் திருப்பினார், ஒரு நிமிஷம். பிறகு “இடது தோள் மேல ஒருக்களிங்க, மூக்கு தரையைப் பார்க்கணும்” என்றார். அங்கே இன்னொரு சுற்றல் வந்தது, அலறினேன். “நல்லது, நல்லது, கல்லு போய்க்கிட்டிருக்கு” என்றார். இன்னொருத்தர் சுற்றலைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படும் ஆளை நான் பார்த்ததில்லை. பிறகு காலைத் தொங்கவிட்டு, மோவாயை நெஞ்சோடு தாழ்த்தியபடி எழுப்பி உட்காரவைத்தார். மொத்தம் ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம் வெளியே உட்காரவைத்துவிட்டு மறுபடி மல்லாத்திப் பார்த்தார். ஃபேன் ஃபேனாக இருந்தது.

ஒரே முறையில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று முறை வேண்டும். எனக்கு அடுத்த வாரம் இன்னொரு முறை செய்தார்கள். நடுவில் நாலைந்து நாள் பஞ்சுமேல் நடப்பது போல இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கவேண்டுமா என்று கேட்டேன். முன்பு சொல்வார்கள், இப்போது தேவையில்லை என்றார்.

மாத்திரையைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. குமட்டலை அடக்க ஓரிரு நாளுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எந்த மாத்திரையும் கல்லை நகர்த்தாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல் இந்த நோய்க்கு வழக்கமாகச் சுற்றல் மாத்திரை தருவதை வேண்டாம் என்கிறது. வேறு அறிகுறி இல்லாதபோது ஸ்கேனும் வேண்டாம் என்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை போட்டால் மூளை மந்தமாகி, வயதானவர்கள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

கல் ஏன் பெயர்கிறது? தலையில் அடிபட்டால், உட்காதில் வைரஸ் வந்துபோனால், நோயில் நீண்ட நாள் படுத்துக் கிடந்தால். பாதிக்குமேல் காரணமே தெரிவதில்லை, வயதுதான். பெண்களுக்கு அதிகம். எலும்புச் சத்துக் குறைவோடும் தொடர்பு இருக்கிறது. கொரியாவில் ஆயிரம் பேருக்குமேல் வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது, திரும்ப வருவது ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. எனக்கு ரத்தத்தில் டி பார்த்தபோது 14. மதுரை வெயிலில் இருந்துகொண்டு 14. வெயிலுக்குப் பயந்து புரூஃபோடு உள்ளேயே கிடந்தால் வேறென்ன இருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நேராகக் கட்டிலில் போய் உருள வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் பலன் இல்லை. கல் வேறு குழாய்க்குப் போய்விடவும் செய்யும். கிடைமட்டக் குழாயில் இருந்தால் முறையே வேறு, தோசை புரட்டுவது போல முழுசாகப் புரளவேண்டும். கழுத்தில் நிஜமாகவே கோளாறு உள்ளவர்கள், விழித்திரைச் சிக்கல் உள்ளவர்கள் டாக்டர் இல்லாமல் தொடக்கூடாது. சுற்றல் அரை நிமிஷத்தில் நிற்காமல் மணிக்கணக்கில் நீண்டால், நடக்கவே முடியாமல் ஒரு பக்கம் தள்ளினால், வாய் குழறினால், முகம் கோணினால், பார்வை இரண்டானால், இதுவரை இல்லாத தலைவலி கூடவே வந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது சுக்குக்காப்பி போடாமல் வண்டி பிடிக்கவேண்டும்.

எனக்குப் பதினாலு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. இந்த முறை இடது காது. திரும்ப வருவது சகஜம். நாலரைக்கு எழுந்து “வந்திருச்சுங்க” என்றேன். அவர் லைட்டைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்தார். “எந்தப் பக்கம்?” என்றார். காலை பத்து மணிக்கு டாக்டரம்மா முன்னால் அந்த வீடியோவை நீட்டினார், ஏதோ கல்யாண ஆல்பம் மாதிரி.

இப்போது தெருவில் யாருக்குத் தலை சுற்றினாலும் என்னிடம் சொல்லி அனுப்புகிறார்கள். போன வாரம் விருதுநகரில் இருந்து பெரிய அத்தை போன் செய்தார்.

“ஏத்தா, ஒனக்கு வந்துச்சே, அதே நோவுதான் எனக்கும். காதுக்குள்ள கல்லு. அந்த உருட்டுறதைச் சொல்லு.”

“எப்ப வருது அத்தை?”

“படுக்கையை விட்டாப் போதும்.”

“படுக்கும்போதா, புரளும்போதா?”

“படுத்தா ஒண்ணுமில்லத்தா. எந்திரிச்சு நின்னாத்தான்.”

“வீடு சுத்துதா?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. யோசிக்கிறார்.

“சுத்தல. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னா சரியாப் போகுது.”

“அத்தை, பிரஷர் மாத்திரை ஏதும் மாத்துனாங்களா?”

“ஆமாத்தா. போன மாசம் கூட ஒண்ணு சேத்துக் குடுத்தாக.”

“மாத்திரைச் சீட்டை எடுத்துக்கிட்டு இன்னைக்கே அதே டாக்டர்கிட்டப் போங்க. உக்காந்து ஒருவாட்டி, நின்னு ஒருவாட்டி பிரஷர் பாக்கச் சொல்லுங்க.”

“அப்ப உருட்ட வேணாமா?” என்றார் அத்தை. குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.